குளிர்பெட்டிக்குள் ஒரு பொறாமை

ஒரு பெண்ணும் ஒரு ஆணும் கன்னத்தோடு கன்னம் உரசும் தூரத்தில் குனிந்திருந்ததைப் பால்ராஜ் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருந்தான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு துப்பறியும் உதவியாளனுக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கோபம் இருந்தது.

"ரெண்டு தலைக்கும் நடுவுல ஒரு சீப்பு நுழையாது மேடம். கேஸ் முடிஞ்சிபோச்சு. ரிப்போர்ட்ட டைப் அடிச்சிரலாம்."

செண்பகம் டீயில் பட்டர் பிஸ்கட்டை நனைத்தாள். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரிகளுக்குச் சல்யூட் அடித்து அலுத்துப்போய், பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள். கேஸ் வராத நாட்களிலும் கீழேயிருந்து பிஸ்கட் வாசனை வந்துகொண்டிருந்தது.

"அவங்க ரெண்டு பேரும் எதைப் பாத்துக்கிட்டிருந்தாங்க?"

"மைக்ராஸ்கோப். ரெண்டு பேர் ஒண்ணா பாக்கற மாதிரி ரெண்டு கண்ணு வெச்சது."

"அப்புறம்?"

"அந்தம்மா ஒரு கண்ணாடிக் குழாயக் கையில எடுத்து வெச்சிக்கிட்டு அழுதாங்க. அந்த ஆளு ஆறுதல் சொன்னான். குரல் வேற அவனுக்கு ரேடியோ மாதிரி."

"குரலைக் குத்தம் சொல்லாத. கள்ளக் காதலனோட தனியா இருக்கற பொண்ணு எதுக்குக் குழாயப் பாத்து அழணும் பாலு?"

பால்ராஜ் எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான். போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கேஸைக் கொடுத்த ஆராவமுதனை நினைத்துக்கொண்டான். மல்லேஸ்வரத்துக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி, மடிப்புக் கலையாத சட்டை. மனைவி வனஜா கால்நடை டாக்டர். வைட்ஃபீல்டைத் தாண்டி ஹொசகோட்டே போகும் வழியில் ஒரு தனியார் செம்மறி ஆட்டுப் பண்ணையில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"ஆத்துக்கு வரச்சே அவ முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும் சார்" என்று அவர் பால்ராஜிடம்தான் சொன்னார். ஆண்பிள்ளைக்குத்தான் புரியும் என்று நினைத்தாரோ என்னவோ. "வாசல்ல என்னைப் பார்த்ததும் அது அணைஞ்சு போயிடறது. தீபாவளி சமயத்துல என் தங்கை பொண்ணு நிச்சயதார்த்தத்துக்காக மெட்ராஸ் போயிருந்தேன். சாயங்காலம் எப்ப போன் பண்ணாலும் எடுக்க மாட்டா. மொட்டை மாடில இருந்தேன்னு சொன்னா. மொட்டை மாடில என்ன வேலை? கூட வேலை பாக்கறவன் ஒருத்தன் இருக்கான், அர்ஜுனன்னு."

பால்ராஜுக்கு அது நன்றாகவே புரிந்தது. அவன் மனைவி மலர் இரண்டு மாதங்களாக வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். லிங்கராஜபுரம் முனைக்கே டாடா சுமோ வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. முந்தின நாள் சாப்பிடும்போது, டீம் லீடர் சொன்ன ஒரு ஜோக்கைச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பால்ராஜின் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு அது எங்கோ குத்தியது. அன்று காலையில் அந்த சுமோவின் நம்பரை இடது உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தான். சமயம் பார்த்து மேடத்திடம் கேட்டு, மலர் பின்னாலும் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று திட்டம்.

"வண்டிய எடு. அந்தக் குழாய்ல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வரலாம்" என்றாள் செண்பகம்.

பண்ணை வாசலில் கை கழுவாமல் உள்ளே விடவில்லை. பால்ராஜ் இடது கையைப் பொத்திக்கொண்டு வலது கையை மட்டும் இரண்டு தரம் கழுவினான்.

வனஜா முப்பத்தைந்து வயதுக்காரி. வெள்ளைக் கோட்டு, வெளுத்த முகம். செண்பகம் சுற்றி வளைக்கவில்லை.

"நான் பிரைவேட் டிடெக்டிவ். யார் அனுப்பினாங்கன்னு இப்ப சொல்ல முடியாது. உங்களைப் பத்தி ஒரு கேள்வி வந்திருக்கு."

"டைரக்டர்தானே அனுப்பினார்?" வனஜாவின் முகம் இன்னும் வெளுத்தது. "சாம்பிளை நானே கெடுத்துக்கறேன்னு நினைக்கறாரா?"

செண்பகம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "முதல்லேர்ந்து சொல்லுங்க."

வனஜா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தாள்.

"இது கிடாவோட விந்து. முட்டை மஞ்சள் கலந்த கரைசல்ல போட்டுக் குளிர்ல வெச்சிருக்கோம்."

பால்ராஜ் ஓர் அடி பின்வாங்கினான். "இதுக்கா மேடம் அழுதீங்க?"

"எப்பப் பாத்தீங்க?"

"அழுதிருப்பீங்கன்னு ஒரு யூகம்தான்" என்று சமாளித்தான்.

அவள் அதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். பேசப் பேச, ஆராவமுதன் சொன்ன அந்த வெளிச்சம் அவள் முகத்தில் ஏறுவதைப் பால்ராஜ் பார்த்தான். நல்ல ஜாதிக் கிடா எல்லா மந்தைக்கும் கிடைப்பதில்லை. செம்மறியின் விந்தை உறைய வைத்தால் சினை சரியாகப் பிடிப்பதில்லை. வெறுமனே குளிரில் வைத்தாலோ ஓரிரு நாளில் விந்தணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. தூரத்துக் கிராமத்துக்குப் பஸ்ஸில் ஃபிளாஸ்க் போய்ச் சேர்வதற்குள் பாதி செத்துவிடும்.

"பழைய முறுக்கு காறிப்போகும் இல்லையா? எண்ணெய் காத்துபட்டுக் கெடறதாலதான். விந்தணுவோட மேல்தோல்லயும் கொழுப்பு இருக்கு. அதுவும் அப்படித்தான் கெடும். அதைத் தடுக்கற சத்து நெல்லிக்காய்ல இருக்கு. நெல்லிச் சாறு அளவாக் கலந்தா இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும்."

"கிடாவுக்கும் நெல்லிக்காய் ஊறுகாயா? சக்கத்து" என்றான் பால்ராஜ், பிரமாதம் என்பதைக் கன்னடத்தில்.

வனஜா சிரிக்கவில்லை. "தாங்கணும். ஆனா தாங்க மாட்டேங்குது. சாறு கலக்காத குழாய் எல்லாம் வழக்கம்போல இருக்கு. சாறு கலந்ததுதான் ஒரே நாள்ல செத்துப்போகுது. காப்பாத்த வேண்டியதே கொல்லுது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டுக்காரங்க எல்லாரும் பாக்க வர்றாங்க. அன்னிக்கும் செத்ததைக் காட்டினா ஆராய்ச்சிய இழுத்து மூடிடுவாங்க. நானும் வீட்டோட இருக்க வேண்டியதுதான்."

"அப்ப ஃப்ரிட்ஜ்ல கோளாறு இல்லை" என்றாள் செண்பகம். "இருந்தா எல்லாம்தான் செத்திருக்கும். கோளாறு சாறுல. அதைக் காட்டுங்க."

சாறு மை மாதிரி இருந்தது. நெல்லிச் சாறு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"இரும்பு பட்டிருக்கு" என்றாள் வனஜா. "நெல்லில இருக்கற துவர்ப்பு இரும்போட சேர்ந்தா கறுக்கும். சத்தும் விஷமா மாறிடும். போர்வெல் தண்ணில இரும்பு இருக்குமோன்னு காய்ச்சி வடிச்ச தண்ணிக்கு மாத்தினேன். குழாய் எல்லாத்தையும் மாத்தினேன். ஒண்ணும் பிரயோஜனமில்லை."

அந்த நேரம் பார்த்து அர்ஜுனன் உள்ளே வந்தான். உயரம், மீசை, அந்த ரேடியோ குரல். பால்ராஜுக்குப் பார்த்தவுடன் பிடிக்காமல் போயிற்று. தன் டீம் லீடரைப் பற்றி மலர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் இந்த ஆளுக்கும் பொருந்துவதுபோல் இருந்தன.

"நீங்களும் நெல்லிக்காய்தானா சார்?" என்று கேட்டான்.

"இல்ல. நான் கடைல விக்கற வைட்டமின் மருந்தை வெச்சுப் பாக்கறேன். வனஜாவோடது சரியா வரலைன்னா வர்ற வருஷம் என்னோடதுக்குத்தான் வாய்ப்பு."

இதைவிட வெளிப்படையாக எந்தக் குற்றவாளி பேசுவான்? பால்ராஜ் செண்பகத்தின் காதில் கிசுகிசுத்தான். "ஆளு சிக்கிட்டான் மேடம். பொண்ணும் வேணும், பேரும் வேணும்."

"சும்னே இரு." கன்னடத்தில் அவன் வாயை அடைத்துவிட்டுச் செண்பகம் வனஜா பக்கம் திரும்பினாள். "இரும்பு பட்டாக் கெடும்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"அர்ஜுனனுக்குத் தெரியும். வீட்ல அவர்கிட்ட சொல்லிப் புலம்புவேன். வேற யாருக்கும் இல்லை."

"எப்பவாவது சரியா வந்திருக்கா?"

"ஒரே ஒரு தடவை. தீபாவளி சமயத்துல பண்ணினது. அருமையா வந்தது. அதை வெச்சுத்தான் ஆட்டுக்காரங்களை வரச் சொல்லவே தைரியம் வந்துச்சு."

"சாறு எதுலேர்ந்து எடுக்கறீங்க?"

"நெல்லிமுள்ளி. காயை நறுக்கி எங்க வீட்டு மொட்டை மாடில நிழல்ல காய வெச்சு, மிக்ஸில பொடி பண்ணி எடுத்துட்டு வருவேன். இங்க தூசி."

"மிக்ஸி பிளேடு" என்றான் பால்ராஜ், சுரங்கத்தில் தங்கம் கண்டவன்போல.

"தீபாவளிப் பொடியும் அதே மிக்ஸிதானே?" என்று செண்பகம் கேட்டாள்.

"ஆமா" என்றாள் வனஜா. பால்ராஜ் தங்கத்தை மறுபடி புதைத்தான்.

செண்பகம் பொடி பாட்டிலைத் திறந்து ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். பழுப்புப் பொடிக்கு நடுவே சிவப்பாகச் சில துகள்கள். எட்டிப் பார்த்த பால்ராஜ், "மிளகாத்தூள் மேடம். சட்னி அரைச்ச ஜார கழுவல போல" என்றான். செண்பகம் ஒரு துகளை விரலில் ஒற்றி ஈரப்படுத்தினாள். அது விரலில் சாயம்போல் பரவியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். காரம் இல்லை. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"ரொம்ப வெளுத்திருக்கீங்களே டாக்டர். உடம்புக்கு என்ன?"

"ரத்தம் கம்மின்னு மாத்திரை குடுத்திருக்காங்க. தீர்ந்துபோச்சாம். அவர்தான் வாங்கிட்டு வரணும். மறந்துட்டே இருக்கார்."

பால்ராஜ் இதை அரைக் காதில்தான் வாங்கினான். மீதிக் காதும் கண்ணும் அர்ஜுனனிடம் இருந்தன.

செண்பகம் கடைசியாக ஒன்று சொன்னாள். "இந்தத் தடவை ரெண்டு விதமாப் பண்ணுங்க. ஒண்ணு வழக்கம்போல வீட்டுப் பொடில. இன்னொண்ணு பச்சை நெல்லிக்காய்ல, இங்கயே இடிச்சது. இடிக்க ஆள் நான் தர்றேன்."

திங்கட்கிழமை பால்ராஜ் பண்ணையில் உட்கார்ந்து கல் உரலில் நெல்லிக்காய் இடித்தான். துப்பறியும் தொழிலில் இந்த வேலையும் உண்டு என்று வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஒரு கிடா அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. "உனக்காகத்தான்டா" என்று அதனிடம் சொன்னான்.

வியாழக்கிழமை மத்தியானம் செண்பகம் ஆராவமுதனுக்குப் போன் செய்தாள். "உங்க மனைவி யாரை நினைச்சு உருகறாங்கன்னு தெரிஞ்சிபோச்சு சார். பண்ணைக்கே வாங்க, காட்டறேன்."

அவர் ஆபீஸ் உடையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசல் மைதானத்தில் ஆட்டுக்காரர்கள் கம்பளியும் கோலுமாகக் கூடியிருந்தார்கள். ஆராவமுதன் யாரையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்தார். அறையில் அர்ஜுனன் நிற்பதைக் கண்டதும் அவர் தாடை இறுகியது. வனஜா ஆச்சரியத்தோடு எழுந்தாள்.

"நீங்க எங்க இங்க? ஒரு நாளும் வந்ததில்லையே."

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் செண்பகம். "சார், கோபப்படறதுக்கு முன்னாடி இதுல ஒரு தடவை பாருங்க."

ஆராவமுதன் வேண்டாவெறுப்பாக மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"என்ன தெரியுது?"

"என்னவோ நெளியறது. கூட்டம் கூட்டமா ஓடறது."

"உங்க வீட்ல அரைச்ச பொடி போட்ட குழாய் சார் அது. திங்கட்கிழமை வெச்சது. இன்னும் ஒண்ணு விடாம ஓடுது."

"இருக்காதே" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "இந்த வாட்டி கூடவேதானே போட்…"

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. ஆராவமுதன் மெல்ல நிமிர்ந்தார். நான்கு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூடவே என்ன போட்டீங்க சார்?" செண்பகத்தின் குரலில் கடுமை இல்லை. "நான் குழாய மாத்திச் சொன்னேன். ஓடறது பால்ராஜ் இடிச்ச நெல்லிக்காய். உங்க வீட்டுப் பொடி போட்டது செத்து ரெண்டு நாளாச்சு."

பால்ராஜுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. அர்ஜுனனைப் பார்த்தான். அவன் வாய் பிளந்து நின்றான். பிறகு ஒவ்வொன்றாகப் பால்ராஜின் மனதில் விழுந்தது. அந்தச் சிவப்புத் துகள் மிளகாய் இல்லை, மாத்திரை மேல் பூசும் சிவப்பு. ரத்தம் ஊறுவதற்குக் கொடுக்கிற இரும்பு மாத்திரை. சரியாக வந்தது தீபாவளிப் பொடி மட்டும்தான். அப்போது ஆராவமுதன் மெட்ராஸில் இருந்தார். சாயங்காலம் வனஜா போன் எடுக்காதது, மொட்டை மாடியில் நெல்லிக்காய் காய வைத்துக்கொண்டிருந்ததால். அவர் கொண்டுவந்து கொட்டிய சந்தேகத்துக்குள்ளேயே அவருக்கு எதிரான சாட்சி இருந்திருக்கிறது.

வனஜா மெதுவாகக் கேட்டாள். "தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்களே, அந்த மாத்திரையா?"

ஆராவமுதன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை.

"ஆரம்பத்துல ஒரு தடவை தானாவே கெட்டுப்போச்சு. ஞாபகம் இருக்கா?" என்றார். "அன்னிக்கு ஆத்துக்கு வந்து என் தோள்ல சாஞ்சுண்டு அழுதே. கல்யாணம் ஆனதுலேர்ந்து அன்னிக்குத்தான் நான் உனக்கு வேணும்னு எனக்குத் தோணித்து. அப்புறம் நான் மெட்ராஸ்லேர்ந்து வந்ததும் தீபாவளிப் பொடி நன்னா வந்துடுத்துன்னு சொன்னே. முகம் பூரா அந்த வெளிச்சம். நான் எதிர்ல உக்காந்துண்டிருக்கேன், உனக்குத் தெரியவே இல்லை."

"அதுக்காகவா?"

"மறுபடி கெட்டா மறுபடி வருவேன்னு நினைச்சேன். வந்தே. அப்புறம் நீ அழறதையே நிறுத்திட்டே. அப்ப வேற யார் தோள்லயாவது அழறியோன்னு…" அவர் அர்ஜுனனைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

பால்ராஜ் இதுவரை எத்தனையோ பேர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறான். திருடர்கள், மோசடிக்காரர்கள், ஒரு போலிச் சாமியார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு ஜோக் அடிப்பான். இந்த மனிதரிடம் அடிக்க முடியவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் மலர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அது எவ்வளவு நல்ல சிரிப்பு என்று அப்போது அவன் பார்க்கவே இல்லை. யார் சொன்ன ஜோக் என்பதை மட்டும்தான் பார்த்தான். மூலையிலிருந்த குழாயைத் திறந்து இடது உள்ளங்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். அழிய அழியத் திரும்ப எழுதி வைத்திருந்த சுமோ நம்பர் சீக்கிரம் போகவில்லை. தோல் சிவக்கும்வரை தேய்த்தான்.

அவன் திரும்பியபோது வனஜா செண்பகத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களை அனுப்பினது டைரக்டர் இல்லையா?"

"இல்லைங்க."

"இவரா?"

செண்பகம் தலையசைத்தாள். வனஜா கணவனை வெகுநேரம் பார்த்தாள். மாத்திரையைப் பற்றித் தெரிந்தபோது கலங்காத கண்கள் இப்போது கலங்கின.

"ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?" என்று ஆராவமுதன் கேட்டார். தன்னைப் பற்றி எழுதிவிடுவார்களோ என்கிற பயம் அதில் இருந்தது.

"நீங்க கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சார். உங்க மனைவிக்கு வேற எந்த ஆம்பளையோடயும் எந்தத் தொடர்பும் இல்லை. கையெழுத்துப் போட்டே தர்றேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் எத்தனையோ நாள் தூங்காமல் இருந்தார். அது கிடைத்தபோது அவர் முகத்தில் எந்த நிம்மதியும் வரவில்லை.

அர்ஜுனன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "வனஜா, ஆட்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னா நான் போய்ச் சொல்றேன்."

"வேண்டாம். இன்னிக்குத்தான்." அவள் கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கும் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்தாள். "மைக்ராஸ்கோப்பை நீ தூக்கிட்டு வா."

கதவருகே போனவள் நின்றாள்.

"எழுதிக் குடுங்க மேடம். ஆனா மனைவின்னு எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க."

கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் மைதானத்தில் சலசலப்பு எழுந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கிறார்கள் போலிருந்தது. ஒரு கிழவர் கன்னடத்தில் உரக்கச் சொன்னார், இன்னும் உயிர் இருக்கிறது, இன்னும் ஓடுகிறது என்று. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே வனஜாவின் சிரிப்பும் கேட்டது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆராவமுதன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். பார்க்க எழுந்திருக்கவில்லை.